பிரிட்டனில் ஃப்ரீவியூ வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

நம் ஊரில் கேபிள்காரரோ டிடிஎச் ஆளோ வந்து இணைப்புக் கொடுத்துவிட்டுப் போவார்; ரிமோட்டைத் தவிர வேறு எதையும் நாம் தொட்டிருக்க மாட்டோம். பிரிட்டனுக்கு வந்து வாடகை வீடு எடுத்த பிறகுதான் கூரைமேல் நிற்கும் ஆன்டெனா, சுவரில் உள்ள சாக்கெட், நடுவில் எங்கோ ஒளிந்திருக்கும், சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் எல்லாம் நம் தலையில் விழுகிறது. ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், கிராய்டன் பக்கம் புதிதாகக் குடிவரும் நம் குடும்பங்களின் வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகளை வைத்து இதை எழுதுகிறேன். லண்டனுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் கோபுரத்தின் பெயரும் எண்களும்தான் மாறும், முறை மாறாது.

ஃப்ரீவியூ என்பது மாதக் கட்டணம் இல்லாத தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு. நமக்குப் பழக்கமான தமிழ்ச் சேனல்களை இதில் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பிள்ளைகளுக்கு சிபீபிஸ், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு விம்பிள்டன், எல்லோருக்கும் செய்தி என்று ஒரு வீட்டுக்குத் தேவையானது நிறையவே வரும். பிராட்பேண்ட் இணைப்புக்குக் காத்திருக்கும் நாட்களில் இது ஒன்றுதான் துணை.

எல்லாவற்றுக்கும் முன்: ரீட்யூன் பட்டனைத் தொடாதீர்கள்

படம் போனதும் எல்லோரும் செய்வது ரீட்யூன். பல நேரம் சிறிய கோளாறு பெரிதாவது அங்கேதான். ரீட்யூன் கொடுத்தால் டிவி பழைய சேனல் பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாகத் தேடும். அந்த நேரத்தில் சிக்னல் இல்லாவிட்டால் பட்டியல் காலி. பிறகு சிக்னல் தானாகத் திரும்பி வந்தாலும் திரையில் ஒன்றும் வராது, பழுது எங்கே என்றும் தெரியாது. கீழே எந்த இடத்தில் ரீட்யூன் செய்யச் சொல்கிறேனோ அங்கே மட்டும் செய்யுங்கள்.

ரீட்யூனுக்குப் பதில் பார்க்க வேண்டியது சிக்னல் பக்கம். டிவி மெனுவில் செட்டிங்ஸ், சேனல் அல்லது சப்போர்ட் பிரிவுக்குள் ‘சிக்னல் இன்ஃபர்மேஷன்’ என்றோ ‘சிக்னல் டெஸ்ட்’ என்றோ இருக்கும். அதில் இரண்டு அளவு காட்டும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. நம்ப வேண்டியது குவாலிட்டியை. ஸ்ட்ரெங்த் 60 இருந்து குவாலிட்டி 100 இருந்தால் கவலையே இல்லை. ஸ்ட்ரெங்த் 95 இருந்து குவாலிட்டி 40க்கும் 80க்கும் நடுவே தாவிக்கொண்டிருந்தால் அதுதான் பழுது. எந்தச் சேனலில் பார்த்தீர்கள், என்ன எண் காட்டியது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அதே பக்கத்தில் யுஎச்எஃப் எண் ஒன்றும் தெரியும்; டிவி அலைவரிசைக்கு இட்ட எண் அது. ஃப்ரீவியூவில் பல சேனல்களை ஒரே அலைவரிசையில் கட்டி அனுப்புகிறார்கள். அந்தக் கட்டுக்கு மக்ஸ் என்று பெயர். லண்டனின் பெரும்பகுதிக்கு ஒளிபரப்புவது தென்கிழக்கே நிற்கும் 219 மீட்டர் உயர கிரிஸ்டல் பேலஸ் கோபுரம். அதன் முக்கிய மக்ஸ்கள் 22, 23, 25, 26, 28, 30 என்ற எண்களில் வருகின்றன. 23இல் பிபிசியின் சாதாரண சேனல்கள். 26இல் ஐடிவி1, சேனல் 4, சேனல் 5. 30இல் எச்டி சேனல்கள். மற்ற மூன்றிலும் வணிகச் சேனல்கள். வேறு ஊர்க்காரர்கள் ஃப்ரீவியூ தளத்தில் தங்கள் போஸ்ட்கோடைக் கொடுத்தால் கோபுரத்தின் பெயரும் எண்களும் கிடைக்கும். ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

## அறிகுறி 1: புது வீடு, ஒரு சேனல்கூடக் கிடைக்கவில்லை

சாக்கெட் சரியானதா? சுவர்த் தகட்டில் சில வீடுகளில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். மரையோடு துருத்திக்கொண்டிருப்பது எஃப் கனெக்டர்; அது சாட்டிலைட் டிஷ்ஷுக்கு. மரை இல்லாமல் வழவழப்பாக, ஆன்டெனா பின்னை அப்படியே செருகும்படி இருப்பதுதான் டிவிக்கு. ‘டிவி’ என்று எழுதியிருக்கும். ‘எஃப்எம்’ என்று எழுதியிருப்பதில் செருகினாலும் ஒன்றும் வராது. வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய டெரஸ் வீடுகளில் முந்தைய குடியிருப்பாளர் ஒவ்வோர் அறைக்கும் சாக்கெட் வைத்திருப்பார். அதில் ஒன்றுதான் உண்மையில் ஆன்டெனாவோடு சேர்ந்திருக்கும். டிவியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போய்ச் செருகிப் பாருங்கள்.

டிவியில் எந்த வழி தேர்ந்திருக்கிறது? தேடுதலைத் தொடங்கும்போது ‘ஏரியல்’, ‘கேபிள்’, ‘சாட்டிலைட்’ என்று கேட்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் கேபிளைத் தேர்ந்துவிடுகிறோம். இங்கே வேண்டியது ஏரியல், அதாவது ஆன்டெனா. நாடு ‘யுனைடெட் கிங்டம்’ என்று இருக்க வேண்டும். ஜெர்மனி என்றோ ‘அதர்’ என்றோ இருந்தால் சேனல் கிடைத்தாலும் வரிசை எண் கன்னாபின்னாவென்று வரும். இதைத் திருத்திய பிறகு ரீட்யூன் செய்யலாம்.

பூஸ்டருக்குக் கரண்ட் போகிறதா? வாடகை வீட்டில் நான் முதலில் தேடுவது இதைத்தான். ஆன்டெனாக் கம்பத்திலோ பரணிலோ பூஸ்டர் வைத்த வீட்டில், அதற்கு மின்சாரம் தர உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி ஒன்று எங்காவது செருகியிருக்கும். அந்தப் பெட்டி ஆன்டெனா கேபிள் வழியாகவே 12 வோல்ட்டை மேலே அனுப்பும். முந்தைய குடியிருப்பாளர் காலி செய்யும்போது அது என்னவென்று தெரியாமல் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருப்பார், அல்லது சார்ஜர் என்று நினைத்து எடுத்தே போயிருப்பார். கரண்ட் இல்லாத பூஸ்டர் சிக்னலை அநேகமாக முழுவதும் மறித்துவிடும். டிவி அலமாரிக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழ் உள்ள கப்போர்டில், பரணில் தேடுங்கள். சின்ன விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பெட்டியின் ஒரு பக்கம் ‘டிவி’, மறுபக்கம் ‘ஏரியல்’ என்றிருக்கும். இரண்டையும் மாற்றிச் செருகினாலும் இதே கதிதான். விளக்கு எரியாவிட்டால் ஃப்யூஸைப் பாருங்கள், அதன் பின் புதுப் பெட்டி. கூரைவரை போக வேண்டிய பழுது பல வீடுகளில் இத்தோடு முடிந்துவிடும்.

டிவி எங்கே வாங்கியது? ஊரிலிருந்து கொண்டுவந்த டிவி என்றால் இதைக் கவனமாகப் பாருங்கள். கரண்ட் பிரச்சினை இல்லை. இந்தியா, இலங்கை, பிரிட்டன் மூன்றிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிரச்சினை டியூனரில், அதாவது டிவிக்குள் சிக்னலைப் பிடிக்கும் பகுதியில். தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புக்கு நாட்டுக்கு நாடு முறை வேறு. பிரிட்டனின் சாதாரண சேனல்களுக்கு டிவிபி-டி, எச்டி சேனல்களுக்கு டிவிபி-டி2 என்ற முறை வேண்டும். இந்தியாவில் விற்கும் மாடல்களில் பலவற்றில் அனலாக் டியூனர் மட்டுமே இருக்கும், ஏனென்றால் அங்கே எல்லாம் செட்டாப் பாக்ஸ் வழிதான். இலங்கை அரசு டிஜிட்டலுக்குத் தேர்ந்தது ஜப்பானிய முறையான ஐஎஸ்டிபி-டி. அது இங்கே உதவாது. அமெரிக்காவில் வாங்கியதில் அந்நாட்டு முறையான ஏடிஎஸ்சி இருக்கும். அதுவும் இங்கே எடுக்காது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டிவிபி-டி2 முறைதான் என்பதால் அங்கிருந்து வந்த டிவி பெரும்பாலும் வேலை செய்யும். நாட்டை மட்டும் மாற்ற வேண்டும், மெனுவில் யுனைடெட் கிங்டம் இருந்தால். தயாரிப்பாளர் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டு டியூனர் வரியைப் படியுங்கள். டிவிபி-டி2 இல்லையென்றால் டிவியைத் தூக்கிப் போட வேண்டாம். ஃப்ரீவியூ எச்டி பாக்ஸ் ஒன்று வாங்கி எச்டிஎம்ஐயில் செருகினால் போதும்.

இத்தனையும் சரியாக இருந்து ஒன்றும் வரவில்லையென்றால் வீதிக்குப் போய்க் கூரையைப் பாருங்கள். ஆன்டெனாவே இல்லாத வீடு இப்போது நிறைய. இருந்தால், கேபிள் அதிலிருந்து தொங்குகிறதா, காற்றில் ஆடுகிறதா என்று பாருங்கள். கூரையில் ஏறும் வேலை உங்களுடையது அல்ல, வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

## அறிகுறி 2: நேற்று வந்தது, இன்று எதுவுமே இல்லை

முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால் பழுது கோபுரத்தில், அல்லது அங்கே பராமரிப்பு வேலை நடக்கிறது. ஃப்ரீவியூ தளத்தில் போஸ்ட்கோடு போட்டால் அறிவிப்பு இருக்கும். அவர்களுக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லையென்றால்:

டிவிக்குப் பின்னால் போங்கள். ஆன்டெனா கேபிளின் செருகு பின் பாதி கழன்றிருக்கும். சுத்தம் செய்யும்போதோ பிள்ளைகள் விளையாடும்போதோ இப்படி ஆவது சகஜம். இரண்டு முனையையும் கழற்றி மாட்டுங்கள். பின்னின் நடுவே மெல்லிய செம்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாலும் வளைந்திருந்தாலும் சிக்னல் வராது. அதைச் சுற்றியுள்ள பின்னல் வலையிலிருந்து ஒரு மயிரிழை அளவுக் கம்பி பிரிந்து வந்து நடுக்கம்பியைத் தொட்டால் மொத்தமும் ஷார்ட் ஆகிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிறகு பூஸ்டர் பெட்டியின் விளக்கு. புதிதாக வாக்யூம் கிளீனர் செருகியவர், ஹீட்டர் செருகியவர் யார் என்று வீட்டில் விசாரித்தால் விடை கிடைத்துவிடும்.

இரண்டும் சரியென்றால் வேறொரு கேபிள், முடிந்தால் வேறொரு டிவி. இன்னொரு டிவியில் படம் வந்தால் உங்கள் டிவியின் டியூனர் போய்விட்டது. பாக்ஸ் வாங்குவது மலிவு. அதிலும் வரவில்லையென்றால் கோளாறு சுவருக்கு அப்பால்.

எச்சரிக்கை: தெளிந்த வானம், காற்று அசையாத நாள், பல சேனல்கள் ஒரே நேரத்தில் உடைந்து போய்விட்டன என்றால் காற்றழுத்தம் அதிகமாக இருக்கிறது என்று பொருள். அப்போது தூரத்துக் கோபுரங்களின், சில நேரம் கடல் தாண்டி ஐரோப்பாவின், அலைகள் இங்கே வந்து மோதும். செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வானிலை மாறும்போது தானாகச் சரியாகும். அதுவரை ரீட்யூன் செய்யவே கூடாது.

## அறிகுறி 3: சில சேனல்கள் மட்டும் காணவில்லை

எவை காணவில்லை என்பதிலேயே விடை இருக்கிறது.

எச்டி சேனல்கள் மட்டும் இல்லை (101, 103, 104, 105): பெரும்பாலும் டியூனர் பழையது, டிவிபி-டி மட்டும் தெரிந்தது. இரண்டாம் கையில் வாங்கிய டிவியிலும் பழைய ஃப்ரீவியூ பாக்ஸிலும் இது வழக்கம். முன்பக்கத்தில் ‘ஃப்ரீவியூ எச்டி’ அல்லது ‘ஃப்ரீவியூ பிளே’ முத்திரை இருந்தும் வரவில்லையென்றால், கிரிஸ்டல் பேலஸ்காரர்கள் மேனுவல் ட்யூனிங்கில் 30 என்று கொடுத்துக் குவாலிட்டியைப் பாருங்கள்.

பிபிசி, ஐடிவி1, சேனல் 4 வருகிறது, வணிகச் சேனல்கள் பல இல்லை: இரண்டு வழி பிரியும். ஊர் பள்ளத்தாக்கிலோ மலையடிவாரத்திலோ இருந்தால் நீங்கள் எடுப்பது சிறிய துணைக்கோபுரம் ஒன்றின் சிக்னலாக இருக்கலாம். அவற்றில் பல மூன்று மக்ஸ்களை மட்டுமே அனுப்பும். உங்கள் டிவியில் குறையொன்றும் இல்லை. போஸ்ட்கோடு சோதனையில் இது தெளிவாகத் தெரியும். பெரிய கோபுரத்தின் எல்லைக்குள் இருந்தும் இப்படி என்றால் ஆன்டெனா பலவீனமாக இருக்கிறது. அறிகுறி 4க்குப் போங்கள்.

ஒரே ஒரு மக்ஸ் மட்டும் இல்லை: அந்த எண்ணை மேனுவல் ட்யூனிங்கில் கொடுத்துப் பாருங்கள். குவாலிட்டி நன்றாகக் காட்டினால் சேமித்துவிடுங்கள், வேலை முடிந்தது. முழு ரீட்யூன் வேண்டாம். குவாலிட்டி காட்டாவிட்டால் டிவிக்குப் பக்கத்தில் ஓடும் கருவிகளைப் பாருங்கள்: மலிவான எச்டிஎம்ஐ கேபிள், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், ஹார்டு டிஸ்க். ஒவ்வொன்றாகக் கழற்றிக் குவாலிட்டி எண்ணைக் கவனியுங்கள். நல்ல எச்டிஎம்ஐ கேபிள் மாற்றியதும் ஒரு மக்ஸ் முழுவதும் திரும்பி வந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சேனல் மட்டும் இல்லை, அதே மக்ஸில் மற்றவை வருகின்றன: சேனல் இடம் மாறியிருக்கும் அல்லது மூடியிருப்பார்கள். அறிவிப்பைப் பார்த்துவிட்டு, மற்றவை எல்லாம் நன்றாக வரும் நேரமாகப் பார்த்து ரீட்யூன் செய்யலாம்.

## அறிகுறி 4: படம் கட்டம் கட்டமாக உடைகிறது, ஒலி வெட்டி வெட்டி வருகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். ‘எப்போது?’ என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

லைட் சுவிட்ச் போடும்போது, ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது, வாசலில் பஸ் போகும்போது: டிவிக்கும் சுவருக்கும் இடையே உள்ள கேபிளை மாற்றுங்கள். டிவி அட்டைப்பெட்டியோடு வரும், இருமுனையிலும் பிளாஸ்டிக் வார்த்த மெல்லிய வெள்ளைக் கேபிளில் உள் கவசம் போதாது. மின்பொறி கிளப்பும் இரைச்சலை அது உறிஞ்சிவிடும். செம்புப் பின்னலும் செம்புத் தகடும் சேர்ந்த இரட்டைக் கவசக் கேபிள் கேட்டு வாங்குங்கள். சில பவுண்டுதான். அதிக நீளம் வாங்கிச் சுருட்டி வைக்காதீர்கள்.

மழை பெய்தால், அல்லது மழை விட்ட மறுநாள்: கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வீட்டுக்குள் வரும் முனையில் பின்னைக் கழற்றிப் பாருங்கள். நல்ல கேபிளில் செம்பு புதுக் காசுபோல் மின்னும்; தண்ணீர் புகுந்ததில் பின்னல் கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும், சில நேரம் முனையிலிருந்து ஒரு சொட்டு விழும். வெட்டிவிட்டு ஒட்டுப் போடுவது வீண்; முழு நீளத்தையும் மாற்ற வேண்டும். கூரை வேலை என்பதால் ஆளைக் கூப்பிடும் இடம் இதுவே.

காற்றடித்தால்: ஆன்டெனாவின் பிடி தளர்ந்திருக்கிறது, அல்லது எதிரே மரம் ஆடுகிறது. வசந்தத்தில் இலை துளிர்த்ததும் தொடங்கி, இலையுதிர் காலத்தில் தானாகச் சரியாகும் கோளாறு என்றால் சந்தேகமே இல்லை, மரம்தான். பூஸ்டர் வாங்கினால் தீராது. ஆன்டெனாவை உயர்த்தவோ நகர்த்தவோ வேண்டும்.

பக்கத்தில் புது மொபைல் கோபுரம் வந்ததிலிருந்து: டிவி பயன்படுத்திய 700 மெகாஹெர்ட்ஸ், 800 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளை மொபைல் சேவைக்குக் கொடுத்துவிட்டார்கள். டிவி இப்போது 48ஆம் எண்ணோடு நின்றுவிடுகிறது. பழைய பூஸ்டர் அந்த எல்லையை அறியாது. மொபைல் அலையையும் சேர்த்துப் பெருக்கித் தானே திணறும். இதற்கு மொபைல் அலையைத் தடுக்கும் ஃபில்டர் போட வேண்டும். ஃபில்டரை ஆன்டெனாவுக்கும் பூஸ்டருக்கும் நடுவே போட வேண்டும், பூஸ்டருக்குப் பின்னால் போட்டால் பயனில்லை. காசு கொடுத்து வாங்கும் முன் ‘ரெஸ்டோர் டிவி’ என்ற சேவையைத் தொடர்பு கொள்ளுங்கள். மொபைல் அலையால் ஃப்ரீவியூ பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு உதவுவதற்காகவே அது இருக்கிறது.

இரண்டாவது டிவி இணைத்ததிலிருந்து: ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர், கரண்ட் இல்லாத வகை என்றால், சிக்னலைப் பிரித்துத்தான் தரும், ஒவ்வொரு டிவிக்கும் பாதிகூடத் தேறாது. ஸ்பிளிட்டரைக் கழற்றி ஒரே டிவிக்கு நேராகக் கொடுத்துப் பாருங்கள். சரியானால், சிக்னலைப் பெருக்கிப் பிரித்துக் கொடுக்கும், கரண்டில் ஓடும் டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப் வாங்குங்கள்.

எப்போதுமே உடைகிறது: வீதியிலிருந்து உங்கள் ஆன்டெனாவையும் பக்கத்து வீடுகளின் ஆன்டெனாவையும் பாருங்கள். குறுக்குக் கம்பிகள் சிறிதாகிக்கொண்டே போகும் முனை கோபுரத்தைப் பார்த்திருக்க வேண்டும். கிரிஸ்டல் பேலஸ் என்றால் ஹாரோவுக்குத் தென்கிழக்கு, ஈஸ்ட் ஹாமுக்குத் தென்மேற்கு, டூட்டிங்குக்குக் கிழக்கு, கிராய்டனுக்கு வடக்கு. கம்பிகள் படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். துணைக்கோபுரங்களுக்குப் பெரும்பாலும் செங்குத்தாக நிற்கும். உங்களுடையது மட்டும் வேறு திசை பார்த்தால் காற்று திருப்பியிருக்கிறது. ஆன்டெனாவின் நடுத்தண்டு முனையில் உள்ள பிளாஸ்டிக் மூடி நிறத்தையும் பாருங்கள்: சிவப்பு என்றால் ஏ வகை, கிரிஸ்டல் பேலஸுக்கு மிகப் பொருத்தம்.

## அறிகுறி 5: ‘சிக்னல் ஃபுல்லா இருக்கு, படம் வரல’

கோபுரத்துக்கு அருகில், நார்வுட், தார்ன்டன் ஹீத், டூட்டிங் பக்கம் இது மிகவும் சாதாரணம். ஸ்ட்ரெங்த் 100, குவாலிட்டி பூஜ்யத்துக்கும் 50க்கும் நடுவே துள்ளும். சிக்னல் அளவுக்கு மீறிப் போய் டியூனர் திக்குமுக்காடுகிறது. இந்த நிலையில் பூஸ்டர் வாங்குவதைப்போலத் தவறான செலவு வேறில்லை; கடைக்காரர்கள் அதைத்தான் கையில் கொடுப்பார்கள்.

வீட்டில் பூஸ்டர் இருந்தால் முதலில் அதை விலக்கிவிட்டு நேராக இணைத்துப் பாருங்கள். கம்பத்தில் இருக்கும் பூஸ்டரை அப்படி விலக்க முடியாது. அதைக் கழற்ற ஆள் வேண்டும். பூஸ்டரே இல்லையென்றால் ‘வேரியபிள் அட்டெனுவேட்டர்’ என்ற விரல் நீளக் கருவி ஒன்று வாங்குங்கள். ஆன்டெனா கேபிளுக்கும் டிவிக்கும் நடுவே செருகும் திருகு அது. பலவீனமாக வரும் மக்ஸைத் திரையில் வைத்துக்கொண்டு, குவாலிட்டி உச்சத்துக்குப் போகும்வரை மெதுவாகத் திருகுங்கள். பிறகு மற்ற மக்ஸ்களையும் சரிபாருங்கள். சோதனைக்குக் கருவிகூட வேண்டாம்: பின்னைச் சற்றே வெளியே இழுத்துப் பிடித்தால் படம் தெளிந்தால், பழுது இதுதான்.

## அறிகுறி 6: வேறு ஊர்ச் செய்தி வருகிறது, சேனல்கள் 800க்கு மேல் போய்விட்டன

வீடு இரண்டு கோபுரங்களுக்கு நடுவே இருக்கிறது. டிவி தேடும்போது முதலில் கிடைத்த கோபுரத்துக்கு 1, 3, 4 என்ற எண்களைக் கொடுத்துவிட்டு, உங்களுக்கு வேண்டியதை 800க்கு மேலே தள்ளிவிட்டது. தேடி முடிந்ததும் எந்தப் பகுதி என்று கேட்கும் டிவியாக இருந்தால், மீண்டும் தேடச் சொல்லிச் சரியான பகுதியைத் தேர்ந்தால் போதும்.

கேட்காத டிவிக்கு வழி: தானியங்கித் தேடுதலைத் தொடங்கும்போதே ஆன்டெனாப் பின்னைக் கழற்றிவிடுங்கள். ஒன்றுமில்லாமல் தேடி முடியட்டும், பட்டியல் காலியாகும். பிறகு பின்னைச் செருகி, தாளில் எழுதிவைத்த யுஎச்எஃப் எண்களை மேனுவல் ட்யூனிங்கில் ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சேமியுங்கள். சிறிது நேரம் பிடிக்கும், ஆனால் உங்கள் கோபுரத்தின் சேனல்கள் மட்டும் ஒழுங்காக அமரும். இரவில் தானாக ரீட்யூன் செய்யும் வசதி டிவியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை மறுபடியும் இதே கதை.

## அறிகுறி 7: இன்டோர் ஆன்டெனாவில் சரியாக வரவில்லை

மாணவர்களும் அறை வாடகைக்கு இருப்பவர்களும் இதைத்தான் வாங்குகிறார்கள், வேறு வழியும் இல்லை. கோபுரத்தைப் பார்க்கும் ஜன்னலும் உயரமும்தான் இதில் எல்லாம். புது அடுக்குமாடிகளில் ஜன்னல் கண்ணாடியில் வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சும், சுவருக்குள் அலுமினியத் தாள் ஒட்டிய காப்புப் பலகையும் இருக்கும். இரண்டும் அலையை மறிக்கும். அறைக்குள் ஓர் அடி நகர்த்தினாலே குவாலிட்டி மாறும். ஜன்னலின் நான்கு மூலை, அலமாரி உச்சி என்று வைத்துப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரவுட்டர், மைக்ரோவேவ் அருகே வேண்டாம்.

பூஸ்டர் உள்ள இன்டோர் ஆன்டெனா டிவியிலிருந்தே 5 வோல்ட் எடுக்கும் வகை என்றால், டிவி மெனுவில் ‘ஏரியல் பவர்’ ஆன் ஆக வேண்டும். இடம் மாற்றிய பிறகும் குவாலிட்டி நிலையாக நிற்காவிட்டால் அந்த அறையில் வராது என்று முடிவு செய்துவிடுங்கள். விலை கூடிய இன்டோர் ஆன்டெனா அதைத் தீர்ப்பது அரிது.

## அறிகுறி 8: ஃபிளாட்டில் பொது ஆன்டெனா

உங்கள் டிவியை அதே கேபிளோடு பக்கத்து ஃபிளாட்டில் மாட்டிப் பாருங்கள். அங்கே வந்தால் உங்கள் சாக்கெட்டில் பழுது. அங்கும் அப்படியே என்றால் கூரையில் உள்ள பொது அமைப்பில் பழுது. இரண்டிலும் சரிசெய்வது கட்டட நிர்வாகத்தின் வேலை. கட்டடப் பராமரிப்புக்கான சர்வீஸ் சார்ஜில் பெரும்பாலும் அது அடங்கும், நீங்கள் ஆளை வைக்க வேண்டாம். சாக்கெட் தகட்டைக் கழற்றி நோண்டாதீர்கள். சில கட்டடங்களில் ஒரு வீட்டுக் கம்பி பிசகினால் வரிசையில் உள்ள மற்ற வீடுகளுக்கும் போய்விடும். புகார் எழுதும்போது எந்த மக்ஸ், என்ன குவாலிட்டி, எத்தனை வீடு என்று எழுதி, போனில் எடுத்த படங்களைச் சேர்த்து அனுப்புங்கள். ‘டிவி வரவில்லை’ என்ற ஒற்றை வரிக்குக் கிடைப்பதைவிட விரைவாகப் பதில் கிடைக்கும்.

## அறிகுறி 9: படம் வருகிறது, நிகழ்ச்சி வழிகாட்டி மட்டும் காலி

எச்டி சேனல்களில் மட்டும் காலி என்றால், வெளிநாட்டு டிவி. பிரிட்டனில் எச்டி வழிகாட்டித் தகவலைச் சுருக்கி அனுப்புகிறார்கள். வெளிநாட்டு மாடலுக்கு அதை விரிக்கத் தெரியாது. படம் பார்ப்பதற்கு இடைஞ்சல் இல்லை. ரிக்கார்டிங் வேண்டுமென்றால் ஃப்ரீவியூ ரிக்கார்டர் வாங்க வேண்டியதுதான்.

## ஆளைக் கூப்பிட வேண்டிய நேரம்

கேபிள் மாற்றி, பூஸ்டர் பெட்டி பார்த்து, வேறு டிவி வைத்துப் பார்த்தும் குவாலிட்டி ஏறவில்லையென்றால் மிச்சமிருப்பது கூரைதான். ஏணி போட்டு ஏறாதீர்கள். ஓடு வேய்ந்த சரிந்த கூரையில், ஈரத்தில், நமக்குப் பழக்கமில்லாத உயரத்தில் ஒரு டிவி சேனலுக்காக ஏறுவது தகாது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஆன்டெனாவோ துளையோ போடக் கூடாது. பழையது வீட்டோடு வந்தது என்றால் அதைச் சரிசெய்யச் சொல்லி அவரையே முதலில் கேளுங்கள்.

ஆள் தேடும்போது சிஏஐ என்ற ஏரியல் தொழில்துறைக் கூட்டமைப்பின் உறுப்பினரா என்று கேளுங்கள். பேசும்போதே மூன்று கேள்வி: வந்து பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, மீட்டரில் அளந்து எண்ணைக் காட்டுவீர்களா, வேலைக்கு எத்தனை மாதம் உத்தரவாதம். மீட்டர் இல்லாமல் வந்து பார்த்தவுடன் ‘புது ஆன்டெனா, புது பூஸ்டர்’ என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள். டிவி சாக்கெட்டில் சிக்னல் சுமார் 45 முதல் 65 டெசிபல் மைக்ரோவோல்ட்டுக்குள் இருந்தால் போதும். அவர் காட்டும் எண் அதற்குள் இருந்தும் படம் உடைந்தால் பழுது ஆன்டெனாவில் இல்லை. கழற்றிய பழைய கேபிளை உங்கள் கண்முன் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, இன்டோரும் எடுக்கவில்லை, ஆனால் நல்ல பிராட்பேண்ட் இருக்கிறது என்றால் 2024இல் வந்த ‘ஃப்ரீலி’ வசதியுள்ள டிவி ஒரு மாற்று. ஆன்டெனா இல்லாமலே பிபிசி, ஐடிவி, சேனல் 4, சேனல் 5 நேரலையாக வரும்.

ஆன்டெனா வழியோ இணைய வழியோ, நேரலை ஒளிபரப்பு பார்க்கவும் பிபிசி ஐபிளேயர் பார்க்கவும் டிவி லைசென்ஸ் கட்டாயம். 2025 ஏப்ரலில் கட்டணம் ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்தது, ஏப்ரல்தோறும் மாறக்கூடும், தவணையிலும் கட்டலாம். லைசென்ஸ் இல்லாமல் பார்த்துப் பிடிபட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. மாணவர்கள் பெற்றோரின் லைசென்ஸிலேயே பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில் பார்க்கலாம் என்ற சலுகையை வகுப்புத் தோழர்கள் சொல்வார்கள். பெற்றோர் பிரிட்டனில் லைசென்ஸ் வைத்திருந்தால்தான் அது பொருந்தும். ஊரிலிருந்து வந்த மாணவர் தனியாக எடுக்க வேண்டும். அறைகளைத் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டு வாடகைக்கு எடுத்திருந்தால் அறைக்கு ஒன்று, வீடு முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம் என்றால் வீட்டுக்கு ஒன்று என்பதுதான் பொதுவான முறை. ஒப்பந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.